தண்ணீருக்குள் எழும் சுவர்

இளநீர் வண்டிக்காரர் அரிவாளை எடுக்குமுன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தண்ணிக் காயா, வழுக்கைக் காயா சார்?" "லேசா வழுக்கை இருக்கிற மாதிரி பார்த்துக் குடுங்கண்ணே" என்றால் நாலு காயைத் தட்டிப் பார்ப்பார். ஒன்றைத் திரும்ப வைப்பார். இன்னொன்றைக் கையில் ஏந்தி, இன்னொரு தட்டு தட்டிவிட்டுச் சீவத் தொடங்குவார். குடித்து முடித்ததும் காயை இரண்டாகப் பிளந்து, மட்டையிலிருந்தே ஒரு சில்லைச் சீவிக் கரண்டியாகக் கொடுப்பார். அந்தச் சில்லை ஓட்டோரமாகக் கொடுத்து வழித்தால், பாதி கண்ணாடியும் பாதி பாலுமாக ஒரு மெல்லிய ஆடை சுருண்டு வரும்.

அந்த ஆடையைச் சின்ன வயதிலிருந்து தின்றுவருகிறேன். அது என்னவென்று வெகுநாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு, பிளந்த காயை உடனே வாயில் வைக்க மனம் வருவதில்லை. ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்க்கிறேன். அதுவரை சுவரே இல்லாமல் கிடந்த ஒரு தண்ணீருக்குள் செல் சுவர்கள் எழும்பத் தொடங்கிய இடம் அது. செல் சுவர் பிறப்பதைக் கையால் வழித்து எடுக்கிற அளவுக்குப் பெரிதாகக் காட்டும் பொருள் வேறு எனக்குத் தெரியாது.

பாளை வெடித்து, பெண் பூவில் மகரந்தம் சேர்ந்ததும் இரண்டு ஆண் உட்கருக்கள் சூலுக்குள் போகின்றன. ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது. மற்றது, உள்ளே ஏற்கெனவே இருக்கும் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, அந்தக் கருவுக்குச் சாப்பாடு கட்டிவைக்கும் திசுவைத் தொடங்கிவைக்கிறது. பாடப்புத்தகத்தில் அதற்குக் கருவூண் என்று பெயர். நாம் குடிக்கும் தண்ணீர், தின்னும் வழுக்கை, துருவும் தேங்காய் மூன்றும் அந்தக் கருவூண்தான்.

செடியில் மற்ற இடங்களில் ஓர் உட்கரு இரண்டானால் உடனே நடுவில் ஒரு சுவர் எழும்பிவிடும். தென்னையின் கருவூணில் அப்படி நடப்பதில்லை. உட்கரு இரண்டாகும், நாலாகும், எட்டாகும், ஆயிரக்கணக்காகும். சுவர் மட்டும் வராது. பிள்ளைகள் பெருகிக்கொண்டே போகிற வீட்டில் அறை தடுக்காமல் எல்லோரும் ஒரே கூடத்தில் படுத்துக்கொள்வதைப் போல, அத்தனை உட்கருவும் அந்த நீரில் மிதக்கின்றன. ஆக, குரும்பை பெருத்து இளநீர்க் காயாகும் வரை அதற்குள் இருப்பது தடுப்பே இல்லாத ஒரே பெரிய செல் என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

ஆறு, ஏழு மாதம் ஆகும்போது உட்கருக்கள் ஓரத்துக்கு ஒதுங்குகின்றன. காம்புக்கு எதிர்ப்புறம், அதாவது காயின் அடிப்பக்கத்தில்தான் வேலை முதலில் தொடங்குகிறது. அதனால்தான் பிளந்த காயில் அடியில் வழுக்கை தடித்தும், கண் இருக்கும் பக்கம் மெலிந்தும் இருக்கிறது. நெல்லுக்கும் இதே வழிதான். பூத்த சில நாளில் அங்கே எல்லாம் முடிந்துவிடுகிறது. தென்னை மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தானியங்களில் இதை நுண்ணோக்கியில் விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வோர் உட்கருவும் தன்னைச் சுற்றி நாலா பக்கமும் மிக நுண்ணிய புரதக் குழல்களை நீட்டுகிறது. பக்கத்து உட்கருவின் குழல்களும் நீண்டு வருகின்றன. இரண்டும் சந்திக்கிற கோட்டில் சுவர் எழுகிறது. வரப்பு போடுமுன் இரண்டு வயல்காரர்களும் ஆளுக்கொரு பக்கமிருந்து கயிறு பிடித்து வந்தால் எங்கே சந்திப்பார்களோ, அங்கே.

இப்படிப் பிறக்கிற ஒரு பொருளை மனிதர் முதலில் பார்த்ததோ அது செத்துப்போன பிறகுதான். அந்த முதல் பார்வையின் பாதிப்பு இருநூறு வருடத்துக்கு மேல் நீடித்தது.

லண்டனில் ராபர்ட் ஹூக் என்ற இளைஞர் ராயல் சொசைட்டிக்காக வாராவாரம் சோதனைகள் செய்து காட்டும் பொறுப்பில் இருந்தார். புட்டிகளை அடைக்கும் தக்கைத் துண்டு ஒன்றை எடுத்து, சவரக்கத்தி போலத் தீட்டிய பேனாக்கத்தியால் மிக மெல்லிய சீவலாகச் சீவினார். தக்கை வெளிர் நிறம். அதனால் கறுப்புத் தட்டின்மேல் வைத்தார். ஒரு பக்கம் தட்டையான, மறுபக்கம் புடைத்த கண்ணாடி வழியாக வெளிச்சத்தைக் குவித்து அதன்மேல் பாய்ச்சினார். நுண்ணோக்கியில் தேனடை போலக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. 1663-ல் சொசைட்டியில் காட்டினார். 1665-ல் 'மைக்ரோகிராஃபியா' என்ற புத்தகத்தில் படம் வரைந்து அச்சிட்டார். அந்த அறைகளை எண்ணிப் பார்க்காமல் விட அவருக்கு மனம் வரவில்லை. ஓர் அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்கில் ஏறத்தாழ 60 அறைகள் என்று கண்டு, பெருக்கிப் பெருக்கி, ஒரு கன அங்குலத் தக்கையில் 125 கோடிக்கு மேல் இருக்கும் என்று எழுதினார். தக்கை ஏன் மிதக்கிறது, அமுக்கினால் ஏன் திரும்பி வருகிறது என்பதற்கெல்லாம் அந்த அறைகளே காரணம் என்றும் சரியாகச் சொன்னார்.

அறைகளுக்கு அவர் வைத்த பெயர்தான் 'செல்'. சிறிய அறை என்று பொருள். தக்கை என்பது மரப்பட்டையில் செத்து உலர்ந்த திசு. உள்ளே காற்றுதான் இருந்தது. அவர் பார்த்தது முழுக்க முழுக்கச் சுவர். உயிரின் அடிப்படை அலகுக்கு நாம் இன்றும் சொல்லும் பெயர் சுவரைப் பார்த்து வைத்த பெயர். சுவரே இல்லாத மனித ரத்தத்துக்கும் மூளைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இலங்கையில் தமிழில் உயிரியல் படித்தவர்கள் இதைக் கலம் என்பார்கள், கலச்சுவர் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் மேல் தனி ஆசை உண்டு. அறை என்றால் காலியாகவும் கிடக்கலாம். கலம் என்றதும் அதில் என்ன இருக்கிறது என்றுதான் மனம் கேட்கும்.

ஹூக்குக்குப் பின் வந்த நெகமையா க்ரூ 1682-ல் செடிகளின் உள்ளமைப்பைப் பற்றிப் பெரிய புத்தகம் வெளியிட்டார். அவர் கண்ணுக்குச் செடியின் உடல் பெண்கள் மெத்தைத் திண்டின்மேல் வைத்துப் பின்னும் பூவேலைச் சரிகை போலத் தெரிந்தது. சுவர் நூலால் நெய்யப்பட்டது என்று நினைத்தார். அவர் வரைந்த அளவில் அது தவறு. ஆனாலும் அந்த உள்ளுணர்வை நான் மதிக்கிறேன். சுவர் நூலாலானது என்பது பின்னாளில் வேறொரு அளவில் உண்மையாயிற்று.

அந்த நூல் எது என்று கண்டவர் ஆன்செல்ம் பாயன், பாரிஸ் வேதியியலாளர். சர்க்கரையாக மாவுச்சத்தை உடைக்கும் டயஸ்டேஸ் என்ற நொதியை 1833-ல் கூட்டாளியோடு சேர்ந்து பிரித்தெடுத்தவரும் இவரே. 1838-ல் அவர் பலவகை மரங்களையும் பஞ்சையும் அமிலத்தில் போட்டுக் கழுவி, கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தார். எந்த மரத்தைப் போட்டாலும் மிஞ்சியது ஒரே பொருள். மாவுச்சத்தில் உள்ள அதே தனிமங்கள், அதே விகிதத்தில். செல்லிலிருந்து வந்ததால் செல்லுலோஸ் என்று பெயரிட்டார்கள்.

அதே விகிதம் வந்ததற்குக் காரணம், சோறும் வேட்டியும் ஒரே சர்க்கரையால் ஆனவை என்பதுதான். இரண்டும் குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைதான். சோற்றில் மணிகளைக் கோத்த விதத்தால் மாலை சுருண்டு கிடக்கிறது. நம் எச்சில் அதை உடைத்துவிடும். பஞ்சில் ஒன்றுவிட்டு ஒரு மணி தலைகீழாகத் திரும்பி நிற்பதால் மாலை நேராக நீள்கிறது. நேரான மாலைகள் பக்கம் பக்கமாக நெருங்கி, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக் கயிறாகிவிடுகின்றன. நம் வயிற்றால் அதைத் தொட முடியாது. மாட்டின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களால்தான் முடியும்.

வேட்டி என்று சும்மா சொல்லவில்லை. பருத்தி விதையின் தோலிலிருந்து நீளும் ஒவ்வோர் இழையும் ஒற்றைச் செல். பூ மலர்கிற நாளில் விதைத்தோலிலிருந்து அந்தச் செல் முளை விடுகிறது. இரண்டு, மூன்று வாரத்துக்கு நீண்டுகொண்டே போகிறது. மூன்று சென்டிமீட்டர் வரைக்கும் போகும். பிறகு நீள்வதை நிறுத்திவிட்டு உட்புறமாகச் சுவரை அடுக்கடுக்காகத் தடிக்கச் செய்கிறது. காய் வெடிக்கும்போது உள்ளிருந்த செல் செத்து உலர்ந்துவிடும். மிஞ்சிய இழையில் நூற்றுக்கு 90-க்கு மேல் செல்லுலோஸ். கரிசல் காட்டில் மாசி பங்குனியில் வெடித்துக் கிடக்கிற வெள்ளை முழுவதும் செல் சுவர்தான்; அதை நூற்று, நெய்து, கட்டிக்கொள்கிறோம்.

இந்தச் சுவரை நெய்யச் செல்லுக்கு இருக்கும் தறியைப் பார்க்க இன்னும் நாளாயிற்று. இடையில் சுவரின் மதிப்பே ஒருமுறை சரிந்தது. 1861-ல் ஜெர்மனியில் மாக்ஸ் ஷூல்ட்சே, செல் என்பது உட்கருவோடு கூடிய உயிர்ப்பொருள் திரள்தான், அதற்குச் சுவர் கட்டாயமில்லை என்று வரையறுத்தார். அது மிகச் சரி. விலங்குச் செல்லுக்குச் சுவர் கிடையாது. ஆனால் அதிலிருந்து, சுவர் என்பது உயிருள்ள செல் வெளியே கழித்துப்போட்ட செத்த ஓடு என்ற எண்ணமும் பரவியது. பள்ளிப் படங்களில் இன்றும் செல் சுவரைச் செங்கல் பெட்டி போல ஒரு தடித்த கோடாகப் போடுகிறார்கள். பிள்ளைகள் அதற்குப் பச்சை வண்ணம் தீட்டிவிட்டு அடுத்த பாகத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

பொறுக்காததற்குக் காரணம் ஒரு வெங்காயம். கல்லூரி நாளில் செய்முறை வகுப்பில், சிவப்பு வெங்காயத் தோலின் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய சவ்வை உரித்துக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தேன். சாயமே வேண்டாம், செல்லின் சாறே இளஞ்சிவப்பு. செங்கல் அடுக்கியது போல நீளநீளமான அறைகள், அறை நிறையச் சிவப்பு. ஓரமாக ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் விட்டு, மறுபக்கம் வடிதாளால் இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு சுருங்கத் தொடங்கியது. மூலையிலிருந்து முதலில் விலகியது; பிறகு சுற்றிலும் விலகி, அறை நடுவே ஒரு சிவப்பு உருண்டையாக ஒதுங்கிக்கொண்டது. சுவர் அப்படியே நின்றது. நல்ல தண்ணீர் விட்டதும் உருண்டை திரும்பப் பெருத்து, சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அந்தத் தட்டை மூன்று முறை உப்பாக்கி மூன்று முறை நல்லதாக்கினேன்.

1912-ல் குர்ட் ஹெஷ்ட் என்பவர் இதே வெங்காயத் தோலில் இதைவிட நுட்பமான ஒன்றைக் கண்டார். சவ்வு சுருங்கி விலகினாலும் முழுசாக விட்டுவிடுவதில்லை. உருண்டைக்கும் சுவருக்கும் நடுவே எண்ணற்ற மெல்லிய இழைகள் இழுபட்டு நிற்கின்றன. சுருங்கிப்போன செல்லும் தன் சுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உப்பில்லாத நேரத்தில் அந்தச் சிவப்பு ஏன் சுவரை முட்டி நிற்கிறது? உள்ளே சர்க்கரையும் உப்பும் கரைந்திருப்பதால் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். சுவர் தடுக்காவிட்டால் செல் ஊதி வெடித்துவிடும். செடிச் செல்களுக்குள் சாதாரணமாக 3 முதல் 10 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கும். கார் டயருக்குள் அடிக்கும் காற்று ஏறத்தாழ 2. அத்தனை அழுத்தத்தைத் தாங்குகிற முதல்நிலைச் சுவரின் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கீரைத்தண்டு விறைத்து நிற்பதும், தண்ணீர் ஊற்றாத ரோஜாச்செடி தலை சாய்வதும் இந்த முட்டலும் தாங்கலும்தான்.

இனிச் சுவர் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்கலாம். வெங்காய வேர்நுனியில் உட்கரு இரண்டானதும், நடுவில் சின்னஞ்சிறு சவ்வுப்பைகள் கூடுகின்றன. ஒவ்வொன்றிலும் பெக்டின் என்ற கூழ். மாம்பழ ஜாமைக் கெட்டியாக்குவது இதே பெக்டின்தான். பைகள் ஒன்றோடொன்று கூடிக் கலந்து ஒரு தட்டாகின்றன. தட்டு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளர்ந்து, தாய்ச்செல்லின் சுவரில் போய் ஒட்டுகிறது. வீட்டுச்சுவரைத் தரையிலிருந்து மேலே எழுப்புவோம். செல் நடுக்கூடத்தில் தொடங்கி நாலு மூலைக்கும் போகிறது. பெக்டின் பசையாக நடுவில் நிற்க, அதன் இருபுறமும் இரண்டு புதுச் செல்களும் தத்தம் பக்கத்துச் சுவரை நெய்யத் தொடங்கும்.

நெய்கிற கருவி செல்லின் சவ்விலேயே பதிந்திருக்கிறது. 1980-ல் சூசெட் முல்லரும் மால்கம் பிரவுனும் மக்காச்சோளச் செல்லை உறையவைத்து உடைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சவ்வில் ஆறிதழ்ப் பூக்கள் போன்ற புரதத் திரள்களைக் கண்டார்கள். அந்தப் பூவின் வழியாகக் குளுக்கோஸ் மாலைகள் பல ஒரே சமயத்தில் வெளியே வந்து, வெளியே வந்ததும் ஒன்றாகச் சேர்ந்து கயிறாகின்றன. கைத்தறியில் துணி நகர, நெசவாளி இருந்த இடத்தில் இருப்பார். இங்கே கயிறு சுவரில் சிக்கிக்கொள்ள, தறியே பின்னோக்கித் தள்ளப்பட்டு நகர்ந்து போகிறது. 2006-ல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் இந்தப் பூக்களுக்கு ஒளிரும் புரதத்தைக் கட்டிவிட்டு, உயிருள்ள செடியிலேயே அவை நகர்வதைப் படம் பிடித்தார்கள். நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு தூரம். கண்டபடி அலையவில்லை, செல்லுக்குள்ளே கிடக்கும் புரதக் குழல்களைத் தண்டவாளமாகப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போயின.

அந்தத் தண்டவாளத்தை யாரும் பார்ப்பதற்கு முன்பே ஊகித்துச் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் கையில் இருந்த கருவி நமக்குத் தெரிந்த மருந்து. கோல்ச்சிசின், நம் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நஞ்சு, அளவாகக் கொடுத்தால் கீல்வாத மருந்து. பால் கிரீன் 1962-ல் நைட்டெல்லா என்ற பாசியின் நீண்ட செல்லுக்கு இதைக் கொடுத்தார். நீளவாக்கில் வளரவேண்டிய செல் உருண்டையாக வீங்கியது. அதன் சுவரில் வளையம் வளையமாகப் பீப்பாய்ப் பட்டை போல அமைந்திருக்கவேண்டிய நூல்கள் திசைகெட்டுக் கிடந்தன. கோல்ச்சிசினுக்கு உடைகிற ஏதோ புரதம் செல்லின் ஓரத்தில் இருந்துகொண்டு நூலுக்குத் திசை காட்டுகிறது என்று அவர் எழுதினார். மறு வருடமே லெட்பெட்டரும் போர்ட்டரும் அந்தக் குழல்களைக் கண்ணால் கண்டார்கள். செடியின் உருவம் நூல் எந்தத் திசையில் சுற்றப்பட்டது என்பதில் இருக்கிறது. முருங்கைக்காய் நீண்டும் பூசணி பருத்தும் போவதை நினைக்கும்போது, எங்கோ உள்ளே வளையம் எப்படிச் சுற்றியிருக்கிறதோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

இறுகச் சுற்றிய சுவருக்குள் செல் வளர்வது எப்படி என்ற சிக்கலும் இருந்தது. இதற்கு விடை வெள்ளரி நாற்றில் கிடைத்தது. வளரும் நாற்றுத்தண்டை வெந்நீரில் போட்டு எடுத்து, எடை கட்டித் தொங்கவிட்டால் அது நீளாது. நாற்றின் சுவரிலிருந்தே பிரித்தெடுத்த ஒரு புரதத்தை லேசான புளிப்புக் கரைசலில் சேர்த்ததும், செத்த தண்டு மறுபடி நீளத் தொடங்கியது. டேனியல் காஸ்குரோவின் ஆய்வகம் 1992-ல் வெளியிட்ட சோதனை இது. எக்ஸ்பான்சின் என்று பெயரிட்டார்கள். வளர நினைக்கும் செல் தன் சுவரைப் புளிக்கவைத்து, கயிறுகளுக்கு நடுவே இருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. உள்ளிருக்கும் அழுத்தம் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. மாவைப் புளிக்கவிட்டுத் தளர்த்துகிற கைப்பக்குவம் அது.

சுவர் எழும்பிவிட்டால் பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை அற்றுப்போகாதா? 1879-ல் எட்வர்ட் டாங்கல் என்ற தாவரவியலாளர் விடை கண்ட இடம் எட்டிக்கொட்டை. நம் காடுகளில் பழுத்துத் தொங்கும் அதே எட்டி. அதன் கருவூணின் தடித்த சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது, சுவரை ஊடுருவி மெல்லிய இழைகள் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போவதைக் கண்டார். தட்டு எழும்பும்போதே, இருபுறத்துக்கும் பொதுவான சவ்விழைகள் நடுவில் சிக்கி, வழியாக நின்றுவிடுகின்றன. சன்னல் வைத்த பிறகுதான் சுவர் எழுகிறது என்றே சொல்லலாம்.

செடிக்கு இந்தத் தறி எங்கிருந்து வந்தது? நீலப்பசும் பாசி என்று நாம் சொல்லும் சயனோ பாக்டீரியாக்களில் சில செல்லுலோஸ் நெய்கின்றன. நூறு கோடி வருடத்துக்கு முன் அப்படியொரு பாக்டீரியாவை விழுங்கி, செரிக்காமல் வைத்துக்கொண்ட செல்லின் வம்சம்தான் எல்லாச் செடிகளும்; விழுங்கப்பட்டது பசுங்கணிகமாயிற்று. அதோடு செல்லுலோஸ் நெய்யும் கலையும் சேர்ந்தே வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாக்டீரியா நெய்வதை நம்ப முடியாவிட்டால் இளநீரிடமே திரும்பிப் போகலாம். இளநீரில் வினிகர் வகைப் பாக்டீரியாவை விட்டு வைத்தால் மேலே கட்டியாக ஒரு வெள்ளை ஆடை படரும். பிலிப்பைன்ஸ்காரர்கள் அதைத் துண்டு போட்டு, பாகில் ஊறவைத்து விற்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் நாட்டா டி கோகோ என்ற பெயரில் கிடைக்கிறது. செடியின் கை படாத சுத்தமான செல்லுலோஸ் அது. வினிகர் ஆடை செல்லுலோஸ்தான் என்று ஆட்ரியன் ப்ரவுன் 1886-லேயே சொல்லிவிட்டார்.

சுவர் ஒரே ஒரு முறை பிறந்ததல்ல. காளான் தன் சுவரைக் கைட்டினால் கட்டுகிறது. இறால் ஓட்டில் இருப்பதும் அதுவே. டயாட்டம் என்ற நுண்பாசி மணலின் பொருளான சிலிக்காவால் கட்டுகிறது. பாக்டீரியாவின் சுவர் சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் வலையாகப் பின்னிய ஒரே பை. பென்சிலின் அந்த வலையின் கடைசி முடிச்சைப் போடும் நொதியை முடக்கிவிடுகிறது. முடிச்சில்லாத பை உள்ளழுத்தத்தில் வெடிக்கிறது. நமக்குச் சுவர் இல்லை, அதனால் அந்த மருந்து நம் செல்லைத் தொடுவதில்லை. சுவர் இல்லாமல் பிறந்ததால் கோடிக்கணக்கானோர் காய்ச்சலிலிருந்து பிழைத்திருக்கிறோம்.

இவ்வளவையும் ஒரே காயில் பார்க்கலாம் என்பதால்தான் தென்னையை விட மனம் வரவில்லை. மட்டை நாரில் லிக்னின் என்ற கெட்டிப்பொருள் நூற்றுக்கு 40 அளவுக்கு ஏறியிருக்கிறது. அதனால்தான் கடல்நீரிலும் கயிறு மக்காமல் நிற்கிறது. மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறப்போடுவது, நாருக்கும் நாருக்கும் நடுவே இருக்கும் பெக்டின் பசையை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கட்டும் என்றுதான். சிரட்டையில் செல்கள் சுவரை உள்நோக்கித் தடித்துத் தடித்து, தங்களுக்கு இடமே இல்லாமல் செய்துகொண்டு செத்துப்போயிருக்கின்றன. அதற்குள்ளே வழுக்கை.

வழுக்கையின் சுவரில் செல்லுலோஸ் குறைவு. மேனோஸ் என்ற வேறொரு சர்க்கரையின் நீண்ட மாலைதான் மிகுதி. இளம் காயில் அந்த மாலைக்கு இருபுறமும் கேலக்டோஸ் கிளைகள் நிறைய. முள் நிறைந்த கருவேலங்கிளைகளை நெருக்கி அடுக்க முடியாதது போல, மாலைகள் நெருங்க முடியாமல் நடுவில் தண்ணீர் நிற்கிறது. அதனால் குழகுழப்பு. காய் முற்ற முற்ற ஒரு நொதி கிளைகளைக் கழித்துவிடுகிறது. மாலைகள் நெருங்கி அமைகின்றன. சில்லால் வழிக்க வந்தது, துருவிதான் வேண்டும் என்ற கெட்டிக்கு வந்துவிடுகிறது.

அந்த நொதி இல்லாவிட்டால்? மலையாளத்திலும் தமிழிலும் தயிர்த் தேங்காய் என்று அபூர்வமாக ஒன்று சொல்வார்கள். முற்றிய காயை உடைத்தால் உள்ளே தண்ணீர் இருக்காது, தயிர் போல நெகிழ்ந்த பருப்பு நிறைந்திருக்கும். பிலிப்பைன்ஸில் மக்காபுனோ. அந்தக் காய்களில் கிளை கழிக்கும் நொதி காணவில்லை என்று அங்குள்ள ஆய்வாளர்கள் 1984-ல் காட்டினார்கள். இந்தக் காய் நட்டால் முளைக்காது. கருவில் குறையொன்றுமில்லை, அதைச் சுற்றியுள்ள கருவூண் அதற்கு உணவாகிக் கைகொடுக்கவில்லை. அதே நாட்டின் லாஸ் பான்யோஸில் எமெரிட்டா டி குஸ்மான் என்ற அறிவியலாளர் கருவை மட்டும் எடுத்துக் குழாயில் வளர்த்து, அந்த வகைக் கன்றுகளை உண்டாக்கினார்.

நல்ல காயில் கதை வேறு. தோட்டத்து மூலையில் போட்டுவைத்த நெற்றுக்காய் சில மாதத்தில் முளை விடும். உள்ளே, கண்ணிருக்கும் பக்கத்திலிருந்து ஒரு பஞ்சுருண்டை வளர்ந்து, தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே காயின் கூடம் முழுவதையும் நிரப்புகிறது. பனங்கொட்டையில் இதைத் தவுண் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் பூரான். தென்னையில் தேங்காய்ப்பூ. பருப்பைத் தொட்ட இடத்திலெல்லாம் அந்த மேனோஸ் சுவர்கள் கரைகின்றன; சர்க்கரை கன்றுக்குப் போகிறது, கன்று தன் புது வேரிலும் ஓலையிலும் புதுச் சுவர் நெய்கிறது.

இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் இப்போது சில ஊர்களில் தேங்காய்ப்பூ வண்டியும் நிற்கிறது. முளைவிட்ட காயை உடைத்து, மஞ்சள் கலந்த வெள்ளைப் பந்தைக் கீறி எடுத்துக் கையில் தருகிறார்கள். கடித்தால் மெத்தென்று, லேசாக இனிப்பாக இருக்கும். அடுத்த தடவை வாங்கும்போது உடைத்த சிரட்டையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பந்து தொட்டிருந்த பக்கத்தில் விரலை வைத்துத் தடவினால், பருப்பு கண்ணருகே மெலிந்து வழவழத்துக் கிடப்பது தெரியும்.